மணலுக்குப் புள்ளி வைத்தவன்

போன வாரம் பேத்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகப் பேர். சீவல் சுருண்டு விழ, அந்த மரவாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு சுருளை எடுத்து மோந்து பார்த்தேன். “தாத்தாவுக்கு என்னமோ ஆயிட்டு” என்று அவள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தி அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான் நான் சம்பளம் வாங்கினேன், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கொடுக்கிற பென்சில் கல்லாட்டம் இருக்கும். பிளேடால் சீவி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசிமுனை ஆக்க வேண்டும். காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் அரைமணி நேரம் இதுதான் வேலை. எட்டுப் பேர் உட்கார்ந்து சர் சர்ரென்று தேய்ப்போம். எனக்கு இருபத்திரண்டு வயசு. சர்வே இலாகாவில் சேர்ந்து ஒன்றரை வருஷம். வெளியே உலகமே அடித்துக்கொண்டிருந்த சண்டைக்காலம். நாங்கள் தூத்துக்குடியில் பென்சில் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கடற்கரைச் சாலையில் சரக்கு அடைக்கிற ஒரு கிட்டங்கி, அதற்கு மேல் மாடி. கீழே முழுக்க நிலாவரை இலை மூட்டைகள். பேதிக்குக் கொடுக்கிற இலை. கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தது. எங்களில் யாராவது அடிக்கடி எழுந்து கொல்லைப்பக்கம் போனால், “வாசனை பட்டுட்டு போல” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் தோணிகள் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கும். முத்துக்குளிப்பு நடந்து நான் பார்த்ததில்லை. சங்கு குளிக்கிறவர்கள் கரையேறி வந்து, கண் சிவந்து, பேசக்கூடத் தெம்பில்லாமல் வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கேம்ப் ஆபீசர் மேனன் சார். பாலக்காட்டுக்காரர். மெலிந்த ஆள். சிரிக்கமாட்டார், திட்டமாட்டார். ஒரு கோடு மயிரிழை தப்பினால் மட்டும் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். திட்டுவதே தேவலை என்று தோன்றும். சேர்ந்த அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: “நாளைக்கு ஒருத்தன் இந்தப் படத்தை நம்பி வருவான். அவன் வரும்போது என்ன நிக்குமோ அதை மட்டும் போடு.” கோயில், சர்ச், பள்ளிவாசல், காரை வைத்துக் கட்டின கிணறு எல்லாம் படத்தில் ஏறும். ஓலைக்குடிசை ஏறாது. காற்றடித்தால் போய்விடுமே.

அந்த வருஷம் எனக்கு விழுந்தது தேரி. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் மைல்கணக்கில் செக்கச்செவேலென்று மணல். அந்தப் பக்கம் போகாதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பாலைவனம். ஆடிக்காற்றில் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அந்தச் சமயத்தில் படம் வரைந்தால் காலையில் போட்ட கோட்டுக்குச் சாயங்காலம் அர்த்தமில்லை. அதனால் மழை ஓய்ந்து காற்றும் அடங்கின மார்கழி, தை மாதங்களில்தான் எங்களை அனுப்புவார்கள். ரொம்ப சரியான ஏற்பாடு என்று அப்போது நினைத்தேன்.

முக்காலியில் நிற்கிற பலகை ஒன்று, அதன்மேல் தாள், தாளின்மேல் குறிபார்க்கிற சட்டம். இவ்வளவுதான் எங்கள் ஆயுதம். மணலில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய மூன்று அடையாளம் வேண்டும். மேட்டில் ஏறினால் ஒரு பக்கம் மணப்பாட்டுக் கலங்கரை விளக்கம், ஒரு பக்கம் திருச்செந்தூர்க் கோபுரம், இன்னொரு பக்கம் மெஞ்ஞானபுரம் சர்ச் கோபுரம். மூன்றுக்கும் கோடு இழுத்து, மூன்று கோடும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தால் நான் அங்கே நிற்கிறேன் என்று அர்த்தம். சர்க்காரும், முருகனும், இயேசுவும் ஒத்துப்போனால்தான் எனக்கு இருப்பிடம். பாதிநாள் ஒத்துப்போகமாட்டார்கள். தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும்.

சாமான் சுமக்கிற ஆளுக்குக் கலாசி என்று பேர். என்னோடு வந்தவர் இசக்கிமுத்து அண்ணாச்சி. தேரியோரத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர். ஒருநாள் இரண்டு பெரிய மேடுகளுக்கு நடுவே ஒரு நீளப் பள்ளத்தில் இறங்கினோம். சுற்றிலும் நானூறு ஐந்நூறு பனை. நடுவில் ஒரு ஊற்று. மணலைக் கையால் தோண்டினால் தண்ணீர் சுரக்கிற குழி, அவ்வளவுதான். அங்கங்கே நட்ட கம்புகள் மொட்டையாக நின்றன. கூரை இல்லை, ஓலை இல்லை, ஆள் இல்லை.

“சார், இங்கன நின்னா பயினி மணக்குதுல்லா?” என்றார் அண்ணாச்சி. பதநீரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“பயினியை எல்லாம் படத்துல போட முடியாது அண்ணாச்சி” என்றேன். என்ன ஒரு பதில்! நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கம்புகள் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அது விடிலி. பங்குனியில் பனை சீவத் தொடங்கும்போது குடும்பத்தோடு வந்து ஓலைக்குடிசை போட்டு, ஆவணி வரைக்கும் அங்கேயே கிடந்து பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி, பிறகு கூரையைப் பிரித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். எங்கள் குடும்பமும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் பனையேறின குடும்பம்தான். அப்பா நாசரேத்துப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். விடிலி என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் அடிபடாது. படித்து அதிலிருந்து வெளியே வந்தாயிற்று, பிறகு ஏன் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். வெளியூர்க்காரன் ஒருவன் வந்திருந்தால் ‘இது என்ன கம்பு?’ என்று கேட்டிருப்பான். எனக்கு அதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விடிலி என்றால் ஒரு இடம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மணலில் முக்காலி நிற்காது, புதையும். கருகிப்போன அடுப்புக்கட்டி மூன்று கிடந்தது. அதன்மேல் முக்காலியின் மூன்று காலையும் வைத்து நிறுத்தினேன். ஜம்மென்று நின்றது. பனைக்கு உரிய குறியைப் போட்டேன். மிச்ச இடம் பூராவும் மணல்.

மணலுக்குப் புள்ளி வைக்க வேண்டும். மை தொட்டுப் பொடிப்பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், வரிசையும் தெரியாமல். ஆயிரக்கணக்கில். மற்றவர்களுக்கு இந்த வேலை என்றால் வேப்பங்காய். எனக்கு அதில் ஒரு பெருமை. “உன் புள்ளி நன்னாயிருக்கு” என்று மேனன் சாரே ஒரு தடவை சொல்லியிருந்தார். அவர் வாயால் அது வந்தது பெரிய விஷயம். தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து அந்தப் பள்ளத்துக்கு நாலு நாள் உட்கார்ந்து புள்ளி வைத்தேன். இப்படி ஒரு மணலை இலாகாவே பார்த்திருக்காது என்று எனக்குள் ஒரு நினைப்பு.

மாசி மாதம், ராணுவத்து அதிகாரி ஒருவர் ஆபீசுக்கு வந்தார். பெரிய பீரங்கிகளைச் சுட்டுப் பழக ஆளில்லாத இடம் வேண்டுமாம். மேஜைமேல் படங்களை விரித்துப் பார்த்தார். என் தாளின்மேல் குனிந்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு வட்டம் போட்டார். பள்ளம் அதற்கு நட்டநடுவில் இருந்தது. சித்திரையிலிருந்து ஆடி வரை சுடுவார்களாம். வட்டத்துக்குள் படத்தில் ஏதாவது ஊரோ கோயிலோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். பக்கத்து ஊர்களுக்குத் தண்டோரா போடுவார்கள். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லையே. “அருமையான படம், சந்தேகத்துக்கே இடமில்லை” என்று இங்கிலீஷில் சொல்லி என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். உடனே எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். நிலாவரை இலைமேல் பழி போட முடியாது. சித்திரை என்றால் விடிலியில் அடுப்பு எரிகிற காலம். ஆம்பிளைகள் மரத்துமேல், பெண்கள் அடுப்படியில், பிள்ளைகள் மணலில். முப்பது குடும்பம் இருக்கும். அவர்களுக்கு யார் போய்ச் சொல்வார்கள்? சொன்னால்தான் என்ன? ஆறுமாசப் பனையேற்றை விட்டுவிட்டால் அந்த வருஷம் அவர்களுக்குச் சோறு இல்லை. சண்டைக்காலத்தில் காசு கொடுத்தாலே அரிசி கிடைக்காது.

மறுநாள் மேனன் சார் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, “விடிலி டெம்பரரி. ரூல்ல இடமில்லை” என்றார்.

“தெரியும் சார்.”

“பெர்மனென்டா ஏதாவது இருக்கா? கிணறு, கோயில்?”

“நான் பார்த்தவரைக்கும் இல்லை சார்.”

“நீ பார்த்த லட்சணம்தான் தெரியறதே.” அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. “அடுத்த திங்கட்கிழமை தாள் அச்சுக்கு வடக்கே போறது. அதுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வா.” ஐந்து நாள் இருந்தது.

அந்தக் காலத்துக் கரி பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய பீப்பாய், அதில் அடுப்புக்கரி எரியும். கிளீனர் இறங்கி இறங்கிக் கைப்பிடியைச் சுற்றி ஊதிவிட வேண்டும். பாலத்தின் ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். வழியில் ஏரல் பக்கம் போகிற ஒரு பெரியவர் ஏறினார். நான் சர்வேக்காரன் என்று தெரிந்ததும், “எங்க ஊரு கொற்கை. அந்தக் காலத்துல கப்பல் வந்து நின்ன ஊராமே. இப்ப கடல் அங்கன போயிட்டு. நாங்க இங்கன வாழை நட்டுக்கிட்டுக் கெடக்கோம்” என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவரோடு கூடவே இறங்கிப் போயிருப்பேன். அன்றைக்கு எனக்குத் தலையில் எதுவும் ஏறவில்லை.

இசக்கிமுத்து அண்ணாச்சிதான் தேரியோரத்தில் விடிலிக்காரர்களின் ஊருக்குக் கூட்டிப்போனார். பொன்னுத்தாய் என்று ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப் பத்து வருஷம். விடிலியில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய கொழுந்தன் தங்கையா முற்றத்தில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஊரே கூடிவிட்டது.

“அப்பம் நீங்க வந்தப்ப எங்கள ஒருத்தரையும் காணலியா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“நான் வந்தது தை மாசம்மா.”

“தையில நாங்க எதுக்கு அங்கன கெடக்கோம்? சரி, அடுப்புக்கட்டி மூணு கெடந்துச்சே. அதக்கூடவா பாக்கல?”

பார்த்தேன் என்று எப்படிச் சொல்ல? அதன்மேல்தானே முக்காலியை நிறுத்தினேன்.

தங்கையா, கலெக்டருக்கு மனு எழுதலாம் என்றார். மனு போய் வருவதற்குள் ஆடி வந்துவிடும் என்றேன். பொன்னுத்தாயம்மா நேரே விஷயத்துக்கு வந்தார். “படத்துல என்ன இருந்தா சுட மாட்டான்?”

“கிணறு, கோயில். காரை வச்சுக் கட்டினது எதுவானாலும் சரி.”

“மாடன் பீடம் இருக்குல்லா மதினி” என்றார் தங்கையா.

“அது மண்ணுலா.”

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் தெரியவந்தது. வருஷாவருஷம் பங்குனியில் விடிலி போட்டதும் முதல் வேலையாக ஊற்றுத்தண்ணீரில் மணலைக் குழைத்து மாடனுக்கு ஒரு பீடம் பிடிப்பார்களாம். ஆறு மாசமும் அவருக்கு விளக்கு, முதல் பதநீர், முதல் கருப்பட்டி. ஆவணியில் கிளம்பும்போது அவரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பீடத்தைக் காற்று கொண்டுபோய்விடும். எத்தனையோ தலைமுறையாக ஒருத்தரும் அதைக் காரை வைத்துக் கட்டியதில்லை. கட்டக்கூடாது.

“அவரு எங்க கூட வந்து போறவரு தம்பி” என்றார் பொன்னுத்தாயம்மா. நான் எப்போது தம்பியானேன் என்று தெரியவில்லை. “காரை வச்சுக் கட்டிட்டா அவரு எப்பிடிக் கெளம்பி வருவாரு? அங்கனயே கெடக்கணும். மிச்ச ஆறு மாசம் அந்தப் பொட்டக்காட்டுல யாரு அவருக்கு வெளக்கு ஏத்துவா?”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “இப்போதைக்குக் கட்டுங்கம்மா. படம் அச்சானதும் இடிச்சிரலாம்” என்றேன். அண்ணாச்சி என் தொடையில் கிள்ளினார். அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

“சாமியவா தம்பி? உங்க சர்ச்ச அப்பிடி இடிப்பியளா?”

பிறகு பொன்னுத்தாயம்மாவே யாரையும் பார்க்காமல், “நான் அங்கன இருந்துக்கிடுதேன்” என்றார்.

“ஒத்தையிலயா மதினி? காத்தும் மணலும், பேச்சுத்தொணைக்கு ஒரு நாதியிருக்காது.”

“ஊத்துல தண்ணி இருக்கு. வாரம் ஒருக்கா அரிசி கொண்டாந்து குடுப்பியளா மாட்டியளா, அதச் சொல்லும்.”

தங்கையா தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “குடுப்போம்” என்றார்.

செங்கல் ஊரில் கிடந்தது, சுண்ணாம்பு இல்லை. நானும் அண்ணாச்சியும் வீரபாண்டியன்பட்டினத்துக்குப் போனோம். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற காளவாசல் ஒன்று கடற்கரையில் இருந்தது. கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு அக்கா அளந்து போட்டார்கள். “எதுக்கு?” என்றார்கள். “ஒரு கோயிலுக்கு” என்றேன். “கோயிலுக்கா? அப்ப இத வச்சுக்கிடுங்க” என்று மேலும் இரண்டு படி சேர்த்துப் போட்டார்கள். எந்தக் கோயில் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கினவன், மாடனுக்குச் சுண்ணாம்பு மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு மணலில் நடக்கிறேன். அப்பா காதில் விழுந்திருந்தால் என்னை வீட்டில் ஏற்றியிருக்கமாட்டார். அவர் சாகும்வரை சொல்லவில்லை.

கருப்பட்டித் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பைக் குழைத்தார்கள். தங்கையாவும் இன்னும் இரண்டு பேரும் கட்ட, நான் எடுத்துக்கொடுத்தேன். முதல் கல்லை வைக்குமுன் பொன்னுத்தாயம்மா ஈரமணலைப் பிடித்து வைத்துக் கும்பிட்டு, “கோவிச்சுக்கிடாதயும் சாமி. கொஞ்ச நாளைக்குத்தான். பொறுத்துக்கிடும்” என்றார். இரண்டு நாளில் இடுப்பளவுக்குப் பீடம் எழும்பிவிட்டது. படத்துக்குப் பேர் வேண்டுமே, உங்கள் பேரையே போடட்டுமா என்று கேட்டேன். “நல்லாருக்கு! பனைக்குச் சொந்தக்காரன் பாத்தா, எடத்தையே கேக்கோம்னு எங்கள எறக்கி வுட்டுருவான்” என்று அத்தனை நேரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். விடிலிக்கோயில் என்று வைத்தோம்.

திங்கட்கிழமை காலை மேனன் சார் முன்னால் நின்றேன்.

“இருக்கா?”

“இருக்கு சார். மாடன் பீடம். செங்கல், காரை.”

“நாளைக்கும் இருக்குமா?”

“ஆள் வச்சிருக்காங்க சார். வருஷம் பூரா.”

“எப்போ கட்டினது?”

என் விரல்களைப் பார்த்தார். சுண்ணாம்பு அரித்து நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது.

“ரூல்ல வயசு கேக்கலை” என்றார். “போட்டுக்கோ.”

மையில் போட்டதை அழிக்க முடியாது, பிளேடால் சுரண்ட வேண்டும். நாலு நாள் வைத்த புள்ளிகளில் ஒரு சுண்டைக்காய் அளவுக்குச் சுரண்டி எடுத்தேன். தாள் ஓட்டையாகிவிடுமோ என்று பயம். அந்த இடத்தில் கோயில் குறியைப் போட்டுப் பேரை எழுதினேன். தாள் கிளம்புமுன் அந்த ராணுவத்து அதிகாரி வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, சிவப்பு வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டுப் போனார். அந்தப் படை கடைசியில் எங்கள் பக்கமே வரவில்லை. சண்டையும் பிறகு முடிந்துபோயிற்று. அந்தப் பங்குனியில் தேரியில் புகை எழும்பியதாக இசக்கிமுத்து அண்ணாச்சி சொன்னார். அதற்குள் எனக்கு வடக்கே மாற்றல் வந்திருந்தது.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு புரட்டாசியில் ஊருக்கு வந்தவன், தேரிக்குள் நடந்து போனேன். ஒரே ஒரு குடிசை. பீடத்துக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தது. பொன்னுத்தாயம்மா நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் தண்ணீரும் கொடுத்தார். “பங்குனியில வந்தா பயினி தந்திருப்பேம்லா? நீ என்னைக்கும் காலங்கெட்ட காலத்துலதான் வார” என்றார்.

“அம்மா, சண்டை முடிஞ்சு வருஷமாச்சு. இனி பீரங்கி வராது. நீங்க ஊருக்குப் போயிரலாம்” என்றேன். பெரிய நல்ல செய்தி கொண்டு வந்தவன் போல.

“அது எனக்கு அப்பமே தெரியும் தம்பி.”

“பிறகு ஏன்?”

“அவர இங்கன கட்டிப் போட்டது நாந்தான. கொஞ்ச நாளுன்னு சொல்லித்தான் கட்டுனேன். இப்ப எப்பிடி அவுத்து வுடுததுன்னு யாருக்கும் தெரியல.” புகார் மாதிரி அவர் சொல்லவில்லை. பருத்தித்திரியை எடுத்து உருட்டத் தொடங்கினார். நான் சாயங்காலம் வரை இருந்துவிட்டு வந்தேன். வழி பூராவும் அழுகை வந்தது. மணலில் ஆள் கிடையாது, அதனால் நன்றாகவே அழுதேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. நாலைந்து வருஷத்தில் அந்த அம்மா இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். தங்கையாவின் மக்கள் மெட்ராசில் பலசரக்குக் கடை போட்டு நன்றாக இருக்கிறார்கள். பனைகளில் பாதியைச் செங்கல் சூளைக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். தேரி ஓரமெல்லாம் கொல்லாமரம், அதாவது முந்திரி, நட்டுவிட்டார்கள். கரி பஸ் போயிற்று, காளவாசல் போயிற்று. எங்கள் கிட்டங்கி மாடியை இடித்து லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். இப்போது கடையில் கருப்பட்டி என்று விற்பதில் பாதிக்குமேல் சீனி.

நானும் ஆபீசராகி நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தத் தாளைத் திருத்தி மறுபடி அச்சுக்கு அனுப்புகிற பொறுப்பு, எத்தனையோ தாள்களோடு ஒன்றாக, என்னிடமே வந்தது. நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு வரி: விடிலிக்கோயில், பீடம் பாதி மணலில், ஆள் இல்லை, மொட்டைக் கம்புகள் மட்டும் நிற்கின்றன. பேனாவை எடுத்தவன் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். இடத்துக்குப் போய்ப் பார்த்து அதை எழுதின சர்வேப் பையன் கெட்டிக்காரன், பொய் எழுதமாட்டான். எனக்கும் முட்டுவலி, அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க முடியாது. நீக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். எந்த மாசத்தில் போய்ப் பார்த்தாய் என்று அவனிடம் நான் கேட்கவில்லை.